கஜனி தைத்த நெஞ்சுப்பட்டி

அத்தியாயம் 17

குதிரைக்கு மாட்டு நுகம் பூட்டியவர்களை நீங்கள் எங்காவது கண்டதுண்டா? வேலணையில் நாங்கள் கண்டோம். அந்தக் கைங்கரியத்தைச் செய்தவர் நம்முடைய கோபிசங்கர்.

அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் சவாரி என்றால் மாட்டு வண்டிச் சவாரிதான். மனிதர் பதினெட்டு வருஷம் சவாரித் திடலே கதி என்று கிடந்தவர். கலியாணங்களுக்கு விடுவதற்காகத் தெற்கிலிருந்து ஒரு சோடிக் குதிரையைக் கொண்டுவந்து இறக்கியதும், வண்டிக்காகத் தனக்குப் பழக்கமான சவாரி வண்டித் தச்சரிடம் ஓடினார். தச்சரும் தன் கைக்குப் பழகிய நுகத்தையே வைத்து, வெள்ளைப் பூச்சும் பூசி, வண்டியைக் கையில் கொடுத்துவிட்டார்.

மாட்டுக்குத் திமில் இருக்கிறது, நுகம் அதில் முட்டி நிற்கும். குதிரைக்கு ஏது திமில்? அது நெஞ்சால் தள்ளி இழுக்கிற பிராணி. இந்தச் சின்ன விஷயம் அண்ணைமார் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இரண்டாவது கலியாணத்திலேயே சோடியில் பெண்குதிரையான மயூரியின் தோள் பிளந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கோபிசங்கரின் தங்கை கஜனி, வேலணைச் சந்தியில் ஓட்டோவுக்கும் வானுக்கும் சீற் குஷன் அடிக்கிற கடைக்காரி, எட்டு மாதம் அந்தக் குதிரைகளோடு மல்லுக்கட்டினாள். ரெக்சின் வைத்துத் தைத்தாள், வேர்வையில் தோல் வெந்தது. பஞ்சு வைத்தாள், அது கட்டி கட்டியாகத் திரண்டது. கடைசியில் பழைய வானின் சீற் பெல்ற்றை உள்ளே கொடுத்து, கம்பளிப் போர்வையை உட்பக்கம் வைத்து, மூச்சுக்குழலையும் அமத்தாமல் தோள் மூட்டையும் தடுக்காமல் இரண்டுக்கும் நடுவே உட்காருகிற ஒரு நெஞ்சுப்பட்டியைத் தைத்து எடுத்தாள்.

அதோடும் விடவில்லை. பட்டியின் இரண்டு நுனிகளையும் வண்டியில் அசையாமல் கட்டினால், குதிரை கால் மாற்றி வைக்கும் ஒவ்வொரு முறையும் பட்டி தோலைத் தேய்க்கும் என்று கண்டுகொண்டாள். ஆகவே ஒவ்வொரு குதிரைக்கும் நடுவில் ஒற்றை ஆணியில் ஆடுகிற ஒரு குறுக்குத் தடி. அந்த இரண்டு தடிகளையும் தாங்க இன்னொரு பெரிய தடி, அதுவும் ஆடும். சோடியின் ஆண்குதிரை கப்பித்தான் நெடுங்கால் போட்டு முந்தினாலும் மயூரியின் பங்குப் பாரம் ஏறாது, குறையாது. குதிரையின் தலையை வலிந்து நிமிர்த்திவைக்கிற வாரைக் கழற்றி வேலிக்கு அப்பால் எறிந்ததும் அவள்தான்.

மயூரியின் தோள் ஆறியது. மண்ணிற உடம்பில் காயம் இருந்த இடத்தில் மட்டும் வெள்ளை மயிர் முளைத்தது. அன்று கோபிசங்கரும், வண்டி ஓட்டுகிற நிருபனும், குதிரைக் கொட்டிலுக்குள் நின்று கஜனிக்கு வாக்குக் கொடுத்தார்கள். அந்த நுகம் இனி இந்தக் குதிரைகளின் மேல் ஏறாது. இதில் நிருபன் வேறு யாருமில்லை, கஜனியின் கணவன்.

அந்த வாக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி வரைக்கும் உயிரோடு இருந்தது.

---

அன்று புங்குடுதீவில் பெரிய கலியாணம். கனடாவிலிருந்து வந்திருந்த பரராசசிங்கத்தின் மகள் இந்துஜாவுக்குத் தாலி கட்டு. தாலி ஏறியதும் பெண்ணும் மாப்பிள்ளையும் குதிரை வண்டியில் தாம்போதி வழியாக வேலணைக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு வரவேண்டும். இரண்டு பக்கமும் கடல், நடுவில் குதிரை வண்டி, மேலே டிரோன். பரராசசிங்கம் ஆறு மாதமாகத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்த காட்சி அது.

"நீர் வந்து வெயிலுக்கை நிக்கவேண்டாம். நான் பாத்துக்கொள்ளுவன்," என்று நிருபன் முதல்நாளே சொல்லியிருந்தான். கஜனிக்கும் கடையில் ஒரு வானின் பின் சீற் முடியாமல் கிடந்தது. சரி என்றாள்.

பத்தரைக்குக் குதிரைத் தொட்டியில் தண்ணீர் நிரப்ப வீட்டுக்கு வந்தாள். கொட்டிலின் மூலையில் நிலத்தில் தங்க நிறப் பெயின்ற் சிந்தியிருந்தது. ஸ்பிறே அடிக்கிற வெறும் ரின் ஒன்று பக்கத்தில் உருண்டு கிடந்தது. அங்கே சாத்தியிருந்த நுகத்தைக் காணவில்லை. நுகத்துக்குக் கீழே முட்டையிட்டுப் பழகிய கோழி, இடம் பறிபோன கோபத்தில் அங்கும் இங்கும் நடந்து கொக்கரித்தது.

கஜனி மற்றப் பக்கம் திரும்பினாள். நெஞ்சுப்பட்டிகளும் தடிகளும் தொங்குகிற ஆணிகளைப் பார்த்தாள். அவையும் வெறுமை. இரண்டு நாளாகக் கடை வேலையில் கொட்டில் பக்கம் வராதது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டையுமா கொண்டுபோனார்கள்? இரண்டையும் கொண்டுபோய் என்ன செய்வார்கள்?

நிருபனுக்கு அழைத்தாள். எடுக்கவில்லை. அண்ணனுக்கு அழைத்தாள். எடுத்து, "பிள்ளை, சத்தமாக் கிடக்கு, பேந்து எடு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் நின்ற இடத்தில் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

படலையைக்கூடச் சாத்தாமல் ஸ்கூட்டியை எடுத்தாள்.

---

தாம்போதியின் நடுப்பகுதியில் வண்டி வந்துகொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் பொய் சொல்லமாட்டேன். வெள்ளை வண்டி, தங்க நுகம், அதில் சுற்றிய மல்லிகைச் சரம், சிவப்புக் கோட்டும் தலைப்பாகையும் போட்ட சாரதி. இரண்டு குதிரைகளும் தலையை நெட்டுக்கு நிமிர்த்திக்கொண்டு அரண்மனைக் குதிரைகளைப் போல வந்தன.

அவை விரும்பி நிமிரவில்லை. தலையிலிருந்து முதுகுக்கு இழுத்துக் கட்டிய புது வார் நிமிர்த்தி வைத்திருந்தது. தலையைத் தாழ்த்த முடியாத குதிரைக்கு முன்னங்காலில் பலம் வராது. மயூரியின் வாயில் நுரை. ஒவ்வொரு அடிக்கும் நுகம் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கியது.

கஜனி ஸ்கூட்டியைத் திருப்பி வண்டியோடு வண்டியாக ஓட்டினாள்.

"இஞ்சருங்கோ, நிப்பாட்டுங்கோ."

நிருபன் திரும்பிப் பார்க்கவில்லை. "இப்ப ஏலாது. வீடியோ எடுக்கினம்."

"என்ரை பட்டி எங்கை?"

"பேந்து கதைப்பம், கஜனி."

"பட்டி எங்கை எண்டு கேட்டனான்."

அவன் உதடு அசையாமல் பேசினான். மேலே டிரோன் பறந்துகொண்டிருந்ததே. "யாழ்ப்பாணத்திலை. கலியாண வண்டி விடுற கொம்பனி ஒண்டு. எட்டுக் குதிரை வைச்சிருக்கினம். சாம்பிள் பாக்கக் கேட்டவை. வெள்ளிக்கிழமை குடுத்தது, சனிக்கிழமை தாறம் எண்டவை. தரேல்லை. அதுக்காக இண்டைக்குக் கலியாணத்தைக் குழப்பேலுமே? கிடந்தது நுகம்தான்."

"எனக்குத் தெரியாமல் ஆர் கொண்டுபோனது? அண்ணையோ?"

நிருபன் கடிவாள வாரை மற்றக் கைக்கு மாற்றினான்.

"கொண்ணர் சொன்னவர். கொண்டுபோனது நான்தான்."

 ஸ்கூட்டி ஒருமுறை தடுமாறி நேரானது. அண்ணன் செய்திருந்தால் அவள் கத்தியிருப்பாள். அண்ணன் என்றால் அப்படித்தான், சின்ன வயதில் அவளுடைய பரிசுப் புத்தகத்தையே தன் பெயர் எழுதி வைத்துக்கொண்டவர். இது நிருபன். தடி ஆடுகிறதா என்று அவளோடு சேர்ந்து மண்ணில் படுத்துப் பார்த்தவன். அவனைப் பற்றி இப்படி ஒரு செய்தி வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

சின்னப் பாலத்து ஏற்றம் வந்தது. மயூரி நின்றுவிட்டாள். கப்பித்தான் இரண்டு அடி இழுத்துப் பார்த்தான். நுகம் சரிந்து முழுப் பாரமும் அவள் பக்கம் இறங்கியது. நிருபன் சவுக்கைத் தூக்கினான்.

கஜனி ஸ்கூட்டியை றோட்டுக்குக் குறுக்கே விட்டுவிட்டு ஓடிவந்து குதிரைகளுக்கு முன்னால் நின்றாள்.

"அடியுங்கோ பாப்பம்," என்றாள்.

சவுக்கு மெதுவாகக் கீழே இறங்கியது.

அவள் முதலில் தலை வாரை அவிழ்த்தாள். இரண்டு குதிரைகளும் ஒரே நேரத்தில் தலையைத் தாழ்த்தி நீளமாக மூச்சு விட்டன. பிறகு மல்லிகைச் சரத்தை ஒதுக்கி நுகத்தைத் தூக்கினாள். காயம் ஆறி முளைத்த வெள்ளை மயிர் முழுக்கச் சிவந்திருந்தது.

"ஐயோ, அக்கா," என்றாள் வண்டிக்குள் இருந்த இந்துஜா. "இது... நாங்கள் ஏறினதாலையோ?"

"இல்லைப் பிள்ளை. நீங்கள் இறங்குங்கோ. வானிலை போங்கோ. நல்லா இருப்பியள்."

முன்னால் போன வானிலிருந்து பரராசசிங்கம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "என்ன விளையாட்டு இது? மாப்பிள்ளை வீட்டுக்குக் கால்மாறிப் போற பிள்ளையை நடுவழியிலை இறக்கிறதோ? அபசகுனம் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? எங்கை கோபிசங்கர்?"

"எங்கையெண்டு எனக்கும் தெரியாது ஐயா. நீங்களே கேளுங்கோ. நீங்கள் எடுத்தால் எடுப்பார்."

அவர் தொலைபேசியில் கேட்டார். கடலுக்கு அந்தப் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி கேட்டார். அதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் வானில் ஏறிவிட்டார்கள். குதிரை அவிழ்த்த வண்டியை மாப்பிள்ளைத் தோழனும் பட்டு வேட்டிக்காரர் நாலு பேரும் தள்ளிக்கொண்டு போனார்கள். டிரோன்காரப் பொடியன் கூலி வாங்கியவன், அதையும் விடாமல் எடுத்தான்.

இவ்வளவுக்கும் நிருபன் தன் இருக்கையை விட்டு இறங்கவில்லை. கஜனியைத் தடுக்கவும் இல்லை, ஒரு வார்க் கொழுவியைக் கழற்றிக் கொடுக்கவும் இல்லை. அவள் இரண்டு குதிரைகளையும் கையில் பிடித்துக்கொண்டு வேலணைப் பக்கம் நடக்கத் தொடங்கியபோது, அவன் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தான்.

---

வீடு வந்து சேர ஒன்றரை மணியாகிவிட்டது. கஜனி உப்புத் தண்ணீரில் துணி நனைத்து மயூரியின் தோளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி படும்போதெல்லாம் மயூரியின் தோல் சிலிர்த்தது. ஆனால் விலகிப் போகவில்லை.

கஜனி தாம்போதியில் விட்டுவந்த ஸ்கூட்டியில் நிருபன் வந்தான். உள்ளே வந்து, குதிரைகள் அவிழ்ந்து நிற்பதைக் கண்டு, வழக்கம் போலப் படலைச் சங்கிலியைப் பூட்டினான். சிவப்புக் கோட்டை இன்னும் கழற்றவில்லை.

"அவை திங்கட்கிழமை தருவினம்," என்றான்.

"தராட்டி?"

நிருபன் கோட்டுப் பொத்தானைத் திருகினான்.

"அவை ஏன் தரேல்லை? ஒரு பட்டியைப் பாத்து அளவெடுக்க எத்தினை நாள்?"

"கஜனி, இதிலை எல்லாருக்கும் நன்மைதான். கொண்ணரை அவை பங்காளியாச் சேக்கினம். எனக்கும் அங்கை நிரந்தர வேலை. எட்டுக் குதிரைக்கும் நான்தான் பொறுப்பு."

"எனக்கு?"

"உம்மடை அண்ணர்தானே. உமக்கு வந்தமாதிரித்தானே."

கஜனி துணியைப் பிழிந்தாள். தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடியது.

"இஞ்சை பாருங்கோ. அந்தப் பட்டி ஆர் செய்தது எண்டு அவை கேட்டிருப்பினமே. என்ன சொன்னனீங்கள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப ஆர் சொன்னது?"

நிருபன் கோட்டுப் பைக்குள் இருந்து தொலைபேசியை எடுத்தான். எடுத்துக் கையிலேயே வைத்திருந்தான். பிறகு ஒரு படத்தை விரித்து அவளிடம் நீட்டினான். தட்டச்சு செய்த ஒரு கடிதம்.

நெஞ்சுப்பட்டியும் ஆடுதடிகளும் திரு. கோபிசங்கருடைய கண்டுபிடிப்பு. நான் அவர் சொன்னபடி கூலிக்குத் தைத்துக் கொடுத்தவள். இனி இவற்றைப் போன்ற எதையும் எவருக்காகவும் செய்யமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.

கீழே கையெழுத்து. கஜனி என்று, கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, அவள் பள்ளிக்கூட நாளிலிருந்து போடுகிற அதே கையெழுத்து.

"இது என்ரை கையெழுத்து," என்றாள்.

"ஓம்."

"நான் எப்ப வைச்சனான்?"

"புதன்கிழமை," என்றான் நிருபன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

அவளுக்கு நினைவு வந்தது. புதன்கிழமை பின்னேரம் இதே கொட்டிலுக்குள் இலையானோ கொசுவோ அண்டாமல் மயூரியின் காலுக்கு வேப்பெண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். நிருபன் ஒரு பேப்பரோடு வந்தான். மிருக வைத்தியருக்குக் கொடுக்கிற விண்ணப்பம், குதிரை நிற்கிற வளவுக்காரியின் கையெழுத்து வேண்டுமாம் என்றான். அவளுடைய இரண்டு கையிலும் எண்ணெய். எண்ணெய் பட்டால் கந்தோரில் எடுக்கமாட்டார்கள் என்று சொல்லி, தன் சாரத்துத் தொங்கலால் அவளுடைய விரல் ஒவ்வொன்றையும் துடைத்துவிட்டான். பேனையைக் கையில் வைத்தான். பேப்பரைப் பலகையில் வைத்து, மேற்பாதியைத் தன் உள்ளங்கையால் அமத்திப் பிடித்திருந்தான்.

கலியாணம் முடித்து ஒன்பது வருஷத்தில் அப்படி ஒருநாளும் கை துடைத்துவிட்டதில்லை. அன்று இரவு அவள் அதை நினைத்துச் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தை நினைக்கத்தான் இப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அண்ணன் பட்டியைத் திருடினார், போகட்டும். இந்த மனிதன் அந்த ஒரு பின்னேரத்தையும் அல்லவா திருடிவிட்டான்.

"நான் வாசிக்கக் கேட்டிருந்தால்?"

"நீர் கேக்கமாட்டீர் எண்டு தெரியும்."

அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னான். கஜனி கொட்டில் மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எவருக்கும் செய்யக்கூடாது எண்டு கிடக்கு," என்றாள். "மயூரிக்கும் தைக்கக்கூடாதோ?"

நிருபன் தொலைபேசியை வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்தான்.

---

படலையில் ஹோன் அடித்தது. லொறி. முன் சீற்றில் கோபிசங்கர். இறங்கி வந்து படலைக்கு வெளியே நின்றார். முகம் கறுத்திருந்தது.

"என்ரை மானத்தை நடுறோட்டிலை கப்பல் ஏத்திப்போட்டாய். இனி என்ன கதை? வியாழக்கிழமை ஊர்காவற்றுறையிலை கலியாணம். அதையாவது ஒழுங்காச் செய்யவேணும். குதிரையை நான் வேறை இடத்திலை கட்டுறன். படலையைத் திறவுங்கோ."

"வியாழக்கிழமையும் நுகமோ அண்ணை?"

"வேறை என்ன கிடக்கு?"

"தோளை வந்து பாருங்கோ. நாலு நாளிலை ஆறுமோ இது? திருப்பி அதிலையே நுகத்தை வைச்சால் மயூரி பிறகு எழும்பாது."

"குதிரைக்குத் தோல் தடிப்பு. உனக்குத்தான் மெல்லிசு."

"குதிரை உங்கடை. வளவு என்ரை. அப்பு எனக்குச் சீதனமா எழுதினது. என்ரை வளவுக்கை லொறி வராது."

"வளவை நீயே வைச்சுக்கொள்ளு பிள்ளை. ஆர் கேட்டது? நான் கேட்டது குதிரையை." கோபிசங்கர் அவளைத் தாண்டிப் பார்த்தார். "நிருபன், என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? கெதியா."

கஜனி திரும்பினாள். படலைப் பூட்டுக்கு இரண்டு திறப்புகள். ஒன்று எப்போதும் நிருபனிடம். மற்றது அவளுடைய ஸ்கூட்டித் திறப்போடு ஒரே வளையத்தில். அந்த வளையமும் இப்போது அவனுடைய விரலில்தான் தொங்கியது.

"திறப்பைத் தாங்கோ," என்றாள்.

"கஜனி, நான் என்ன செய்யிறது? கொண்ணரோடை பகைச்சுக்கொண்டு..."

"நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம். அவரோடை சண்டை பிடிக்கவேண்டாம். பட்டியைக் கொண்டுவரவேண்டாம். அந்தப் பேப்பரையும் கிழிக்கவேண்டாம். திறப்பை மட்டும் என்ரை கையிலை தாங்கோ. அது காணும்."

அவள் கையை நீட்டினாள். ஈரக் கை. நிருபன் அந்தக் கையைப் பார்த்தான். ஒரு நிமிஷம் அவன் தரத்தான் போகிறான் என்று அவள் நம்பினாள். இவ்வளவுக்குப் பிறகும் நம்பினாள்.

அவன் அவளைச் சுற்றிக்கொண்டு படலைக்கு நடந்தான்.

கஜனி கூப்பிடவில்லை. கொட்டில் வாசலுக்குப் போய் மயூரிக்கு முன்னால் நின்றுகொண்டாள். சங்கிலி அவிழ்ந்து விழுகிற சத்தம் கேட்டது. லொறி திரும்பி, பின்பக்கமாக மெல்ல மெல்ல வளவுக்குள் வரத் தொடங்கியது.

"வரட்டும், வரட்டும், இடம் கிடக்கு, வரட்டும்," என்று கை காட்டி அதைக் கூப்பிட்டுக்கொண்டு முன்னால் வந்தவன் அவளுடைய கணவன்.